திருநெல்வேலி வெயிலில் கேட்மின்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியிலும் வாசலிலும் நாலு வருஷமாக இந்தச் செடியோடு பழகி வருகிறேன். மாசி மாதம் பூத்து நிற்கும்போது வந்து பார்க்கிறவர்கள் விரும்பிக் கேட்பார்கள். வைகாசியில் வருகிறவர்கள் காய்ந்த தொட்டியைப் பார்த்து வேறு மாதிரிக் கேட்பார்கள். இரண்டு வகைக் கேள்விகளுக்கும் எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே சேர்த்திருக்கிறேன்.

கேட்மின்ட் என்றால் என்ன? நம்ம புதினாவில் ஒரு ரகமா?

புதினா இல்லை, ஆனால் புதினாவுக்குச் சொந்தம். துளசி, தும்பை, கற்பூரவள்ளி, பேய்மிரட்டி எல்லாம் இருக்கிற அதே குடும்பம். தண்டை விரலால் உருட்டிப் பாருங்கள், நாலு பட்டையாக இருக்கும். துளசித் தண்டிலும் இதையே பார்க்கலாம். தாவரவியலில் இதன் இனத்துக்கு நெப்பட்டா என்று பெயர். தமிழில் சிலர் பூனைப்புதினா என்றும் சொல்கிறார்கள்.

இலை சிறியது. பச்சையின் மேல் திருநீறு பூசினது மாதிரி சாம்பல் படிந்திருக்கும். பூக்கள் நீலமும் ஊதாவும் கலந்து கதிர் கதிராக வரும். ஒன்றரை அடி, இரண்டு அடி உயரத்தில் பக்கவாட்டில் புதராகப் பரவும். குளிர்நாடுகளில் பாதை ஓரமாகவும் ரோஜாச் செடிகளின் காலடியிலும் வரிசையாக நடுவார்கள். பனிக்காலத்தில் மேலே உள்ளது காய்ந்துவிடும், வேர் மண்ணுக்குள் ஓய்வெடுக்கும், வசந்தம் வந்ததும் அதே இடத்தில் மறுபடி துளிர்க்கும். பல்லாண்டுச் செடி என்று சொல்வது இதனால்தான்.

கேட்னிப் என்று விற்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

ஒன்றில்லை. பணம் கொடுக்கும் முன்னால் இதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேட்னிப் என்பது நெப்பட்டா கட்டாரியா. மூன்றடி வரை வளரும், பூ வெளுப்பு, அதில் சின்ன ஊதாப் புள்ளிகள். பூனைக்குப் பிடித்தது முக்கியமாக இதுதான், தோட்ட அழகுக்கு இது சுமார். தோட்டக்காரர்கள் விரும்பும் நீலப்பூ கேட்மின்ட் பெரும்பாலும் நெப்பட்டா ஃபாசெனி என்ற கலப்பினம். நெதர்லாந்தில் நர்சரி வைத்திருந்த ஃபாசன் என்பவரின் பெயரால் வந்தது. இதற்கு முளைக்கிற விதை கிடையாது, கிளையை வெட்டி நட்டோ தூரைப் பிரித்தோதான் பெருக்க முடியும். 2007-ல் அமெரிக்காவின் பல்லாண்டுத் தாவரச் சங்கம் அந்த ஆண்டின் செடியாகத் தேர்ந்தெடுத்த 'வாக்கர்ஸ் லோ' ரகத்தையும் கிளையிலிருந்தோ தூரிலிருந்தோதான் எடுக்க வேண்டும். ஆகவே அந்தப் பெயர் போட்டு யாராவது விதைப் பொட்டலம் விற்றால் வாங்காதீர்கள்.

முதல் வருஷம் நானே ஏமாந்தேன். பொட்டலத்தின் மேல் நீலப்பூப் படம். முளைத்து மூன்று மாதம் பொத்திப் பொத்தி வளர்த்த பிறகு வெள்ளைப் பூ வந்தது. விதையில் வளர்க்க வேண்டுமென்றால் நெப்பட்டா ரெசிமோசா என்று கேளுங்கள். பழைய பெயர் முசினி, சில பொட்டலங்களில் இன்னும் அப்படித்தான் போடுகிறார்கள். காகசஸ், துருக்கி, வட ஈரான் பக்கத்துச் செடி அது. ஃபாசெனிக்குத் தாய் தந்தையரில் ஒன்று. நீலமாகவே பூக்கும், முளைக்கவும் செய்யும்.

நம்ம ஊரில் வருஷா வருஷம் நிற்குமா?

சமவெளியில் நிற்காது. இதை ஒளிக்காமல் சொல்லிவிடுவது நல்லது என்று நினைக்கிறேன், ஏனென்றால் வளர்ப்பு முறை முழுவதும் இதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

மைனஸ் 30 டிகிரிக் குளிரைக்கூட வேரில் தாங்கிக்கொள்கிற செடி இது. நம்மிடம் இல்லாதது அந்தக் குளிர்தான். சித்திரையில் பகல் 38, 39 டிகிரி என்பது நமக்குச் சாதாரணம். பலரும் பகல் வெயிலைத்தான் குற்றம் சொல்வார்கள். என் அனுபவத்தில் செடியைக் கொல்வது ராத்திரி வெப்பம். பகலில் இலை தயாரிக்கிற உணவைச் செடி ராத்திரியிலும் சுவாசித்துச் செலவழிக்கிறது. ராத்திரி குளிர்ந்தால் செலவு குறையும், மிச்சம் வேருக்குப் போய்ச் சேரும். மே மாதம் நம்ம ஊரில் நடுராத்திரியிலும் மொட்டை மாடித் தளம் கொதிக்கிறது. வரவுக்கு மேல் செலவு. செடி கையிருப்பைத் தின்று தின்று இளைத்துப்போகும். அந்த நேரத்தில் நாம் இரக்கப்பட்டு இரண்டு வேளை தண்ணீர் ஊற்றுவோம், இளைத்த வேர் அழுகிவிடும். இரண்டாம் வருஷம் வாசலில் தரையில் வைத்த ஆறு செடிகளையும் நான் இப்படித்தான் இழந்தேன்.

இங்கே கேட்மின்ட்டை கார்த்திகையில் தொடங்கிப் பங்குனியில் முடிகிற பருவப் பூச்செடியாக வைத்துக்கொள்ளுங்கள். சாமந்தியை அப்படித்தானே வைத்திருக்கிறோம்? யாரும் அதைக் குறை சொல்வதில்லை. வருஷம் முழுக்க நிற்க வேண்டும் என்றால் அதற்கேற்ற உள்ளூர்ச் சொந்தங்கள் இருக்கின்றன, கீழே சொல்கிறேன்.

எப்போது விதைக்க வேண்டும்?

புரட்டாசிக் கடைசியில் அல்லது ஐப்பசி பிறந்ததும். அடைமழை நேரம்தான், அதனால் தட்டு கட்டாயம் கூரைக்குக் கீழே இருக்கட்டும். எங்கள் வீட்டில் தார்சாவின் கிழக்கு ஜன்னல் ஓரம் வைக்கிறேன்.

விதை ரொம்பச் சிறியது. ஈரமான கலவையின் மேல் தூவி, சலித்த மணலை லேசாக உதறினால் போதும். ஆழமாகப் புதைத்தால் வராது. பூவாளிகூட வேண்டாம், தெளிப்பான் போதும். ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரத்துக்குள் முளைக்கும், எல்லாம் ஒரே நாளில் வராது. நாலு ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள், பக்கக் கிளை வரும். மழை ஓய்கிற நேரமாகப் பார்த்து, டிசம்பர் முதல் பாதியில் பெரிய தொட்டிக்கு மாற்றலாம். என் மாடியில் முதல் கதிர் பெரும்பாலும் தை கடைசியில் தலைகாட்டும், மாசி முழுக்கப் பூ. எல்லாச் செடியும் ஒரே அளவில் பூக்காது. போன வருஷம் ஆறில் நாலு நன்றாகப் பூத்தன, இரண்டு இலையோடு நின்றுவிட்டன.

என்ன மண், என்ன தொட்டி?

ஈரம் தங்காத மண். இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நான் கலப்பது: செம்மண் இரண்டு பங்கு, பருமணல் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய சாணி எரு ஒரு பங்கு. ஆற்றுமணலுக்கு அலைய வேண்டாம். எம்-சாண்டை இரண்டு தடவை அலசி, தூசு போன பிறகு போட்டால் போதும். உடைந்த ஓடு, செங்கல் துண்டு இருந்தால் தட்டிப் போடுங்கள். நர்சரிகளில் தென்னைநார்க் கழிவை நிறையக் கலந்து தருகிறார்கள். ரோஜாவுக்கு அது சரி, இதற்கு அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குளத்துக் கரம்பை வேண்டவே வேண்டாம்.

தொட்டி மண்ணாலானதாக இருக்கட்டும். காருகுறிச்சியில் வேளார்கள் செய்கிற மண்தொட்டி கிடைத்தால் வாங்குங்கள். சுவர் வழியே ஈரம் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் வேர் குளுமையாக இருக்கும். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியை நம்ம வெயிலில் வைத்தால் வேர் அவிந்துவிடும். பத்து அங்குல வாய் உள்ள தொட்டிக்கு ஒரு செடி. அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பதோடு, தொட்டியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள், தண்ணீர் வடிய வழி வேண்டும்.

உரம் அதிகம் போட்டால் செடி பூக்காமல் கொழுத்து, நடுவில் பிளந்து சாய்ந்துவிடும். தொட்டி மாற்றும்போது கலக்கிற எருவே போதும்.

தண்ணீர் எவ்வளவு?

விரலை ஒரு அங்குலம் மண்ணுக்குள் விடுங்கள். காய்ந்திருந்தால் ஊற்றுங்கள், ஈரமிருந்தால் விட்டுவிடுங்கள். மார்கழியில் எனக்கு மூன்று நாளைக்கு ஒரு தடவை, பங்குனியில் தினமும் காலையில் ஒரு தடவை. இலை மேல் ஊற்றாமல் தூரில் ஊற்றுங்கள்.

தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வருகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள். ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் போர்த் தண்ணீர் உப்பாக இருக்கிற இடங்களில் இலை ஓரம் கருகும், தொட்டி மேல் வெள்ளையாகப் படியும். மழைத் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்திருந்தால் அதை இதற்குக் கொடுங்கள். ஐந்தாறு செடிக்குப் பெரிதாகச் செலவாகாது.

முழு வெயிலா, நிழலா?

தை வரை நாள் முழுக்க வெயில் பட்டாலும் தாங்கும், வெயில் இல்லாவிட்டால் பூக்காது. மாசி பாதியிலிருந்து காலை வெயில் மட்டும் படுகிற கிழக்குப் பக்கத்துக்கு நகர்த்துங்கள். தொட்டியில் வளர்ப்பதன் பெரிய லாபமே இதுதான். மேற்குச் சுவர் ஓரத்தில் வைக்காதீர்கள், பகலில் குடித்த சூட்டை அந்தச் சுவர் ராத்திரி முழுக்கத் திருப்பிக் கொடுக்கும்.

பூ முடிந்ததும் கத்தரிக்க வேண்டுமா?

கண்டிப்பாக. முதல் பூப்பு மங்கினதும் செடியைப் பாதி உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும். எங்கள் ஆச்சிக்கு அது பொறுக்காது, பக்கத்தில் நின்று "எய்யா, கொஞ்சம் விடு" என்பாள். ஆனால் பத்து நாளில் தூரிலிருந்து புதுத் துளிர் கிளம்பும், மூன்று நாலு வாரத்தில் இன்னொரு சுற்றுப் பூ. மாசி முடிவதற்குள் வெட்டினால்தான் இந்த இரண்டாம் சுற்று கிடைக்கும். பங்குனி கடைசியில் வெட்டினால் துளிர்க்கத் தெம்பு இருக்காது.

வெட்டின கிளைகளை வீணாக்க வேண்டாம். பூவில்லாத நுனியாகப் பார்த்து நாலு அங்குலம் எடுத்து, கீழ் இலைகளைக் கிள்ளி, ஈர மணலில் நட்டு நிழலில் வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் வேர் பிடிக்கும். அப்படி எடுத்த இரண்டு கன்றுகளைக் கொடைக்கானலில் இருக்கிற மதினி வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். அந்தக் குளிரில் அவை வருஷம் தாண்டி நிற்கின்றன. வேர் பிழைத்து வருஷா வருஷம் திரும்பத் துளிர்ப்பதை நான் கண்ணால் பார்த்தது அங்கேதான்.

தெருப் பூனையெல்லாம் வந்து புரளுமா?

சில வரும். இலையில் நெப்பட்டாலாக்டோன் என்ற எண்ணெய்ப் பொருள் இருக்கிறது. 1941-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மெக்எல்வெய்ன் என்ற வேதியியலாளர் அதைப் பிரித்தெடுத்தார். அந்த வாசனை பட்டால் பூனை முகத்தைத் தேய்க்கும், உருளும், வாய் ஊறும். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் அடங்கிவிடும். எல்லாப் பூனையும் இப்படி ஆவதில்லை. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பூனைகள்தான், அதுவும் பரம்பரையாக வருகிற குணம். சின்னக் குட்டிகள் கண்டுகொள்ளாது. பூனைக்கு இதனால் கெடுதல் கிடையாது, நிறையத் தின்றால் வாந்தி எடுக்கலாம், அவ்வளவுதான்.

கெடுதல் செடிக்குத்தான். நட்ட அன்றைக்கு இலை கசங்கியிருக்கும், வாசனை தூக்கும், பூனை வந்து மேலே படுத்துவிடும். இரண்டு வாரத்துக்குத் தொட்டியைச் சுற்றி உடைமுள் கிளை நாலு செருகி வையுங்கள். வேர் பிடித்துவிட்டால் அப்புறம் பயமில்லை.

இதைப் பற்றிப் பேசும்போது நம்ம குப்பைமேனியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பூனைவணங்கி என்று அதற்கு இன்னொரு பெயர் உண்டு, மார்ச்சாலமோகினி என்றும் சொல்வார்கள். காரணம் இல்லாமல் வைத்த பெயர்கள் இல்லை. குப்பைமேனியை வேரோடு பிடுங்கிப் போட்டால் பூனை அந்த வேரைத் தேடி வந்து கடித்துப் புரளும். இலை பக்கம் அவ்வளவாகப் போகாது, வேர்தான் அதற்கு வேண்டும். இத்தனைக்கும் குப்பைமேனி ஆமணக்குக் குடும்பம், கேட்மின்ட்டுக்கு உறவே இல்லை. பூனையின் சந்தோஷம் மட்டுமே உங்கள் நோக்கமென்றால் கடல் தாண்டின விதைக்குச் செலவழிக்க வேண்டாம், அங்கணக்குழி ஓரம் தானாக முளைத்திருப்பதே போதும். மனிதர்கள் மட்டும் குப்பைமேனியை இஷ்டத்துக்கு உள்ளே சாப்பிடக் கூடாது. ஜி6பிடி என்ற நொதிக் குறைவு உள்ளவர்களுக்கு ரத்தச் சிவப்பணுக்கள் உடைகிற ஆபத்து இருக்கிறது.

கொசு வராது, பாம்பு வராது என்கிறார்களே?

பாம்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கொசு விஷயத்தில் பாதி உண்மை. இதன் எண்ணெய் கொசுவை விரட்டும். கொசுவின் உடம்பில் எரிச்சலை உணர்கிற ஏற்பி ஒன்றை அது தூண்டுகிறது என்று 2021-ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனால் செடி சும்மா தொட்டியில் நிற்கும்போது அந்த அளவுக்கு எண்ணெய் காற்றில் வராது. வாசலில் நாலு தொட்டி வைத்துவிட்டு வலையில்லாமல் படுக்காதீர்கள்.

பூச்சி, நோய்?

பங்குனி வெயிலில் இலைக்கு அடியில் செம்பேன் வரும், இலை மணல் தூவினது போலப் புள்ளி புள்ளியாக வெளுக்கும். காலையில் குழாய்த் தண்ணீரை வேகமாக இலையடியில் பீய்ச்சினாலே பாதி போய்விடும். மாவுப்பூச்சிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளியுங்கள். காலையில் தெளித்தால் வெயிலில் இலை பொசுங்கும். தேனீ வருகிற நேரமும் அதுதான். வயிற்றில் நீல வரி போட்ட ஒரு தேனீ உண்டு, துளசியிலும் பார்த்திருப்பீர்கள். ஒரு பூவில் அரை நொடி நிற்காது. அது வருவதைப் பார்க்கவே நான் காபி டம்ளரோடு மாடிக்குப் போவேன்.

பருவச் செடி எனக்கு வேண்டாம். வைத்தால் வருஷக்கணக்கில் நிற்கணும், நீலமாகவோ ஊதாவாகவோ பூக்கணும். என்ன வைக்கலாம்?

வாசலில் வைக்க முதலில் பூனைமீசை. இதுவும் துளசிக் குடும்பம்தான். மூன்றடி வரை போகும் பல்லாண்டுச் செடி, வெள்ளையிலும் இளம் ஊதாவிலும் பூக்கும். பூவிலிருந்து நீண்டு வளைந்து நிற்கிற மகரந்தத் தாள்கள் அசல் பூனை மீசை. மலேசியாவிலும் மிசாய் கூச்சிங் என்றே சொல்கிறார்கள், அதற்கும் அதே அர்த்தம். கிளையை ஒடித்து நட்டால் பிடித்துக்கொள்ளும். மதிய நிழலும் கொஞ்சம் ஈரமும் இருந்தால் சித்திரையைத் தாண்டிவிடும். சிறுநீரகத்துக்கு நல்லது என்று இதன் இலையைக் கஷாயம் போட்டுக் குடிக்கிறவர்கள் உண்டு. மருந்தாக எடுப்பதென்றால் மருத்துவரைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

அடுத்து டிசம்பர் பூ. வேறு குடும்பம், ஆனால் வரிசையாக வேலியோரம் வைத்து முழங்கால் உயரத்துக்கு வெட்டி நிறுத்தினால், கேட்மின்ட் வரிசை கொடுக்கிற ஊதாக் கரையை நம்ம மண்ணில் இது கொடுக்கும். கார்த்திகை, மார்கழியில் பூத்துக் குலுங்கும். தலைக்கு வைக்கிற பூ, வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு அதிலும் ஒரு சந்தோஷம். கோடையில் வாடி நின்றாலும் சாகாது.

இடம் நிறைய இருந்தால் பேய்மிரட்டியை நினைத்துப் பாருங்கள். பொட்டல் காட்டில் தானாக நிற்கிறதே என்று யாரும் வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. ஆனால் அதன் சாம்பல் பச்சை இலையும் ஊதாக் கதிரும் தூரத்திலிருந்து பார்த்தால் கேட்மின்ட்டின் பெரியப்பா மாதிரி இருக்கும். பச்சை இலையைத் திரியாகத் திரித்து எண்ணெயில் போட்டால் எரியும் என்பது நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். தண்ணீர் ஊற்ற மறந்தாலும் கோபிக்காது. என் வாசலில் ஆறு கேட்மின்ட் செத்த அதே இடத்தில் இப்போது இரண்டு பேய்மிரட்டி இடுப்புயரம் நிற்கின்றன.

தென்காசி, குற்றாலம் பக்கம் குளுமைதானே, அங்கே நிற்காதா?

சாரல் காலத்துக் குளுமையை நம்பி நிறையப் பேர் முயல்கிறார்கள். ஆனியிலும் ஆடியிலும் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற சாரல் நமக்கு அமிர்தம். இந்தச் செடிக்கு அது நாள் முழுக்க ஈர இலை. சாம்பல் ரோமம் உள்ள இலை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு அழுகும். கூரைக்குக் கீழே, காற்றோட்டமான இடத்தில் தொட்டியில் வைத்தால் பாளையங்கோட்டையை விட இரண்டு மாதம் கூடுதலாக ஓட்டலாம். அதே காற்று பணகுடி, ராதாபுரம் பக்கம் வறண்டு வேகமாக வீசும். அங்கே ஆடிக் காற்றில் செடி ஒரே நாளில் சருகாகிவிடும்.

சங்கரன்கோவில் கரிசல் மண்ணில் தரையிலேயே வைக்கலாமா?

வேண்டாம். மழையில் சேறு, வெயிலில் வெடிப்பு. தொட்டிதான்.

வைகாசியில் மேலே எல்லாம் காய்ந்துவிட்டது. பிடுங்கிப் போடட்டுமா?

உடனே வேண்டாம். தூர் தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் இரண்டு அங்குலம் விட்டு மேலே வெட்டி, வேப்பமரத்து நிழலிலோ கிணற்றடியிலோ வைத்து, வாரம் இரண்டு தடவை மட்டும் தண்ணீர் காட்டுங்கள். எரு போட வேண்டாம். என்னிடம் அப்படி ஒரே ஒரு செடி ஐப்பசி வரை உயிரோடு இருந்து மறுபடி துளிர்த்திருக்கிறது. சுரண்டும்போது உள்ளே காவி நிறமாக இருந்தால் போய்விட்டது. அந்த மண்ணை வெயிலில் ஒரு வாரம் காயவைத்து எடுத்து வையுங்கள், புரட்டாசி விதைப்புக்கு ஆகும்.